ஏறுமுகம் 1, ஏறுமுகம் 2

காலை 6:57க்கு ஜப்பானின் ஒகோபா நிலையத்தின் நடைமேடையில் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி ஒன்று வந்து நிற்க வேண்டும். மூன்று நிமிடம் கழித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து அதன் ஜோடி வண்டி வந்து பக்கத்துத் தடத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டு வண்டிகளையும் எந்த ரயில்வே அட்டவணையில் தேடினாலும் காண முடியாது. நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில், கணினியில், இணையம் வழியாக ஓட்டிக்கொண்டிருக்கும் சேவை அது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வேறு வேலையில்லாமல் இருந்தபோது தொடங்கினோம். இரண்டு வண்டிகளுக்கு ஓர் ஒழுங்கான அட்டவணை போட எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் 2001இல் வெளிவந்தபோது அதனுடன் ஆறு தடங்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவில் உள்ள ஹிசாட்சு மலைத்தடம். அந்த விளையாட்டு கைவிடப்பட்ட பிறகு, ஆர்வலர்கள் சேர்ந்து ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவசச் செயலியை எழுதினார்கள். பழைய தடங்களை அது அப்படியே படித்துக்கொள்ளும். ஒருவருடைய கணினியுடன் மற்றவர்கள் இணைந்து, ஒரே தடத்தில் ஆளுக்கொரு வண்டியை ஓட்டவும் வழி செய்யும். எங்களில் இருவர் ஓட்டுநர்கள். மூன்றாவது ஆள், பெரும்பாலும் நான், கட்டுப்பாட்டாளர். தடத்தின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிக்னலையும், வண்டியைத் தடம் மாற்றும் பாயின்ட்டையும் மாற்றிக்கொண்டிருப்பது என் வேலை.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். ஊட்டி மலை வண்டியின் ஊதல் கேட்டே வளர்ந்தவன், போயும் போயும் ஜப்பான் தடத்தில் சேவை தொடங்குவானேன் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். பதில் எளிது: எங்கள் ஊர் வண்டி 7:10க்குப் புறப்படும் என்பது என் எலும்பில் எழுதியிருக்கிறது. அதை 6:40க்குப் புறப்பட வைக்க என் மனம் ஒப்பவில்லை. நன்றாகத் தெரிந்த தடத்தில் கற்பனைக்குக் கை ஓடுவதில்லை. ஹிசாட்சுவில் அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் மலைத்தடம் என்றால் என்ன என்பது எனக்கு ஓரளவு தெரியும் என்பதால், கணக்கில் பெரிதாக ஏமாறமாட்டேன் என்று நம்பினேன். ஏமாந்தேன் என்பது வேறு விஷயம்.

தடத்தின் கதையே ஒரு சேவைக்குப் போதுமான காரணத்தைத் தருகிறது. கடலோரமாகப் போட்டால் எதிரிக் கப்பல்களின் பீரங்கிக்கு இலக்காகும் என்று ராணுவம் அஞ்சியதால், கியூஷுவின் தெற்குக்குச் செல்லும் முதன்மைத் தடம் மலைக்குள் வளைத்துக் கொண்டுபோகப்பட்டு 1909இல் முழுமை பெற்றது. 1927இல் கடலோரத் தடமும் திறக்கப்பட, நெடுந்தொலைவு வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. மலைத்தடம் கிளைத்தடமாகச் சுருங்கியது. நாங்கள் எடுத்துக்கொண்டது அதில் ஹிதோயோஷியிலிருந்து யோஷிமாட்சு வரையிலான 35 கிலோமீட்டர் மட்டும். இடையில் மூன்றே நிலையங்கள்: ஒகோபா, யதாகே, மசாகி. சுமார் 107 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹிதோயோஷியிலிருந்து 537 மீட்டரில் இருக்கும் யதாகேவுக்கு ஏறி, மறுபுறம் இறங்க வேண்டும். நீலகிரியில் இருப்பது போன்ற பல்சக்கரம் இங்கே கிடையாது. சக்கரமும் தண்டவாளமும் மட்டும் உராய்ந்து, ஆயிரம் மீட்டருக்கு முப்பது மீட்டருக்கு மேல் உயரும் சரிவில் வண்டி ஏறியாக வேண்டும்.

பெயரில் தொடங்கினேன். இந்தத் தடத்தில் ஓடிய சுற்றுலா வண்டிக்கு இரண்டு பெயர்கள் உண்டு: யோஷிமாட்சு நோக்கிப் போகும்போது இசாபுரோ, திரும்பும்போது ஷிம்பேய். தடம் கட்டப்பட்ட காலத்துத் தகவல் தொடர்பு அமைச்சர் யமகாதா இசாபுரோ. திறக்கப்பட்டபோது ரயில்வே தலைவராக இருந்தவர் கோதோ ஷிம்பேய். யதாகே அருகே உள்ள 2,096 மீட்டர் சுரங்கத்தின் இரு வாயில்களிலும் இவர்கள் எழுதிக்கொடுத்த எழுத்துகள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இயற்கையின் கொடிய தடையைச் சமவெளி போலாக்கியதால் பாரத்தை நெடுந்தொலைவு இழுத்துச் செல்லலாம் என்று பொருள் வரும். வண்டி எந்த வாயிலை நோக்கிப் போகிறதோ அந்த வாயிலில் எழுதியவரின் பெயர் அதற்கு. அந்த ஏற்பாட்டில் மயங்கி, நானும் என் வண்டிகளுக்கு ஏறுமுகம், இறங்குமுகம் என்று பெயர் சூட்டினேன். சிங்கப்பூர் நண்பர் உடனே கேட்டார்: "இறங்குமுகம்னு பேர் வச்சா அந்த வண்டியில எவன் ஏறுவான்?" திருச்சி நண்பரின் ஆட்சேபம் இன்னும் நியாயமானது. யதாகே நடுவில் உச்சியாக இருப்பதால், இரு பக்கத்திலிருந்தும் வண்டி முதலில் ஏறத்தானே செய்கிறது என்றார். ஆகவே இரண்டுமே ஏறுமுகம் ஆயின. ஜப்பானிய வழக்கப்படி டோக்கியோவை விட்டு விலகிப் போகும் வண்டிக்கு ஒற்றைப்படை எண், நோக்கி வருவதற்கு இரட்டைப்படை; எனவே யோஷிமாட்சு போவது 1, ஹிதோயோஷி வருவது 2.

பிறகுதான் யாருக்காக இந்த வண்டி என்ற கேள்வி வந்தது. இதற்குப் பதில் இல்லாமல் அட்டவணை போட முடியாது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். முதல் வரைவில் எனக்குப் பிடித்த நேரங்களை எழுதியிருந்தேன். சூரியன் மலைமேல் எழும்போது வண்டி சுரங்கத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அழகாக இருந்ததே தவிர, ஒரு நிமிடத்தைக் கூட்டவோ குறைக்கவோ அங்கே காரணம் இல்லை. எனவே ஒரு பயணியைக் கற்பித்துக்கொண்டேன்: மசாகியில் ஏறி ஹிதோயோஷியில் பள்ளிக்குப் போகும் மாணவி. பள்ளி எட்டு மணிக்கு என்று வைத்தேன். வண்டி 7:22க்குச் சேர்ந்தால் அவள் நடந்தே போய்விடலாம். அந்த ஒரு நேரத்தை ஆணியடித்து வைத்ததும், மற்ற நேரங்கள் எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறங்கி வந்து அமர்ந்தன: ஒகோபா 7:03, யதாகே 6:40, மசாகி 6:24, யோஷிமாட்சு 6:05. உண்மையில் மசாகியைச் சுற்றியிருந்த குடியிருப்பு 1972ஆம் ஆண்டு மண்சரிவுக்குப் பிறகு காலியாகிவிட்டது என்பதைப் பின்னர் படித்தேன். மாணவியை மாற்றவில்லை. மசாகி என்ற பெயரின் எழுத்துகளுக்கு உண்மையான மகிழ்ச்சி என்று பொருளாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓப்பன் ரெயில்ஸில் அட்டவணை எழுதுவது கணக்குப்பிள்ளை வேலை. விரிதாள் ஒன்றைத் திறந்து, முதல் பத்தியில் நிலையங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகவும், அடுத்த ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வண்டியையும் எழுத வேண்டும். வண்டி எந்தப் பாதையில் போகும், எந்தெந்தப் பெட்டிகள், எப்போது உயிர்பெறும், பயணம் முடிந்ததும் என்ன ஆகும் என்பவற்றுக்குத் தனித்தனி வரிசைகள் உண்டு. கடைசி வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது: யோஷிமாட்சு போய்ச் சேர்ந்த வண்டி, அதே பெட்டிகளோடு இன்னொரு எண்ணில் திரும்பி வரும்படி அங்கே எழுதலாம். நிலையப் பெயரைத் தடத்தின் கோப்பில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். நான் யதாகேவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். தனியாகச் சோதித்துப் பார்த்த அன்று வண்டி அங்கே நிற்காமல், கோவித்துக்கொண்டு போகிற சம்பந்தியைப் போல நேராகச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. குற்றத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின.

ஆனால் என்னைப் படாதபாடு படுத்தியது ஒகோபாதான். வட்டமாகச் சுற்றி உயரும் ஒரு வளையத் தடமும், வண்டி முன்னும் பின்னுமாகப் போய் ஏறும் திருப்புத் தடமும் சேர்ந்தே அமைந்த நிலையம் ஜப்பானில் இது ஒன்றுதான். ஹிதோயோஷியிலிருந்து வரும் வண்டி நடைமேடைக்கு வந்து நிற்கும். அதற்கு மேல் வழி கிடையாது. ஓட்டுநர் மறுமுனை அறைக்கு நடந்து போய், வந்த வாயில் வழியாகவே வண்டியை வெளியே எடுத்து, பக்கத்தில் மேலேறும் திருப்புத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மறுபடி நிறுத்தி, மறுபடி முனை மாறி, முன்னோக்கிக் கிளம்பினால்தான் வளையத்தில் ஏறலாம். விளையாட்டில் ஒரு விசையை அழுத்தினால் முனை மாறிவிடும். எங்கள் விதிப்படி, விசையை அழுத்துவதற்கு முன் ஓட்டுநர் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் உண்மை ஓட்டுநர் அந்த நேரத்தில் பயணிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார்.

சிக்கல் எங்கே என்றால், நிலையத்துக்கு வாயில் ஒன்றுதான். ஹிதோயோஷியிலிருந்து உள்ளே வருவதும், திருப்புத் தடத்துக்கு வெளியே போவதும், எதிர் வண்டி திருப்புத் தடத்திலிருந்து நடைமேடைக்கு வருவதும், அது ஹிதோயோஷிக்குக் கிளம்புவதும் ஆகிய நான்கு நகர்வுகளும் அந்த ஒரு வாயிலில்தான் நடக்க வேண்டும். கிராசிங், அதாவது ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டிகள் நிலையத்தில் ஒன்றையொன்று கடப்பது, என்றால் இரு வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் கிளம்பும் என்று சமவெளிக்காரனைப் போல நினைத்து, இரண்டுக்கும் 7:00 என்று எழுதிவைத்திருந்தேன். முதல் இணைய ஓட்டத்தில் திருச்சி நண்பரின் வண்டி வெளிச் சிக்னலிலும், சிங்கப்பூர் நண்பரின் வண்டி திருப்புத் தடத்திலும், இரண்டும் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றன. நான் வரைபடத்தில் எந்தச் சிக்னலை முதலில் தொடுவது என்று தெரியாமல் விழித்தேன். பதினோரு நிமிடத் தாமதம். இப்போது 2ஆம் எண் 6:57க்கு நடைமேடையில் நின்றுவிடும். 7:00க்கு 1ஆம் எண் உள்ளே வரும். 7:03க்கு 2 வெளியேறும். வாயில் காலியானதும் 7:05க்கு 1 பின்னோக்கிக் கிளம்பி, 7:09க்கு வளையத்தில் ஏறத் தொடங்கும். வளையத்தின் மேல்பகுதியிலிருந்து பார்த்தால், சற்று முன் விட்டு வந்த நிலையம் காலடியில் தெரியும்.

2020 ஜூலை 4 அன்று குமா ஆறு பெருக்கெடுத்து, தடத்தின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்ட செய்தியை நாங்கள் படித்தபோது, எங்கள் சேவைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து, தடத்தின் வடமுனையான யட்சுஷிரோவுக்கும் யோஷிமாட்சுவுக்கும் இடையே ரயில் ஓடவில்லை. அந்த ஞாயிறு யாரும் ஓட்டவில்லை. அடுத்த வாரம் திருச்சி நண்பர் ஒரு யோசனை சொன்னார்: விளையாட்டிலும் தடத்தை மூடிவிட்டு, பேருந்து மாற்று என்று அறிவித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாங்கள் ஓட்டுவது 2001ஆம் ஆண்டு வட்டில் பதிந்த தடத்தை. அங்கே வெள்ளம் வரவில்லை. துக்கம் என்ற பெயரில் ஒரு கோப்பை மூடிவைப்பது பாவனையாகத்தான் இருக்கும் என்று வாதிட்டேன். இருவரும் அரைமனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

சேவை இன்னும் அந்த இரண்டு வண்டிகளோடுதான் நிற்கிறது. சிங்கப்பூர் நண்பர் மர லோடு ஏற்றிய சரக்கு வண்டி ஒன்றை 3ஆம் எண்ணாகச் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறார். அந்த மரம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று எழுதிக்கொடுங்கள், பாதை போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு அவருடைய இணைப்பு மசாகிக்கும் யதாகேவுக்கும் நடுவில் அறுந்து, வண்டி ஒற்றைத் தடத்தில் ஓட்டுநர் இல்லாமல் நின்றது. அவர் திரும்பி வந்தபோது ஆறு நிமிடம் போயிருந்தது. ஒகோபாவில் நானாகக் கிராசிங்கின் வரிசையை மாற்றி, இறக்கத்தில் அவர் கொஞ்சம் மீட்டு, 2ஆம் எண் 7:24க்கு ஹிதோயோஷி சேர்ந்தது. அந்த இரண்டு நிமிடம் அவர் கணக்கா என் கணக்கா என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.