சும்மா கிடக்கிற தின்க்பேட் ஏன் 'விழுகிறேன்' என்கிறது?

வீட்டில் ஒரு பழைய தின்க்பேட் டி60 ஓடிக்கொண்டிருக்கிறது. உபுண்டு, அசல் சுழலும் ஹார்ட் டிஸ்க். யாரும் தொடாமல் மேசைமேல் இருக்கும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், திரை ஒரு கணம் உறையும், பிறகு ஓடும். டிஸ்க்தான் போகப்போகிறது என்று தம்பி சொன்னான். லாக்கைப் பார்த்தால் டிஸ்க்மேல் தப்பே இல்லை. ஹெச்டாப்ஸ்டி என்கிற டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), மடிக்கணினி விழுகிறது என்று நம்பி, டிஸ்க்கைப் படிக்கும் தலையை அடிபடாமலிருக்க ஒதுக்கிக்கொண்டிருந்தது.

2003லிருந்து வந்த பல தின்க்பேடுகளில் ஓர் ஆக்சிலரோமீட்டர், அதாவது அசைவை அளக்கும் சென்சார், உண்டு. அதைப் படிக்கும் ஹெச்டாப்ஸ் டிரைவர் 2005இல் லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6.14 பதிப்போடு வந்தது. கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் 'பொசிஷன்' என்றொரு கோப்பு, அதைத் திறந்தால் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள், திசைக்கு ஒன்றாக. என்னுடையதில் (506,497) என்று வந்தது. அடுத்த கணம் (509,495), அப்புறம் (503,498). மேசை அசையவில்லை, எண் மட்டும் ஆடுகிறது.

இந்த இடத்தில் பலர் உடனே ஃபில்டர் எழுதப் போய்விடுகிறார்கள். கடைசி எட்டு அளவுகளின் சராசரி, கோடு அழகாக நேராகிவிடும். ஆனால் இது விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் இல்லையே. 75 செ.மீ. உயர மேசையிலிருந்து விழும் பொருள் சுமார் 0.39 விநாடியில் தரையைத் தொடும். விநாடிக்கு 50 அளவு வந்தால் எட்டு அளவு என்பது 160 மில்லிவிநாடி. அத்தனை பழைய செய்தியையும் கலந்து யோசித்துவிட்டுத் தலையை ஒதுக்கினால், டிஸ்க்குக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான்.

அதனால் முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். டீமனைச் சோதனை முறையில் ஓடவிட்டால் தலையை நிஜமாக ஒதுக்காது, சொல்ல மட்டும் செய்யும். மெஷினைத் தரையில், மொசைக்மேல் வைத்தேன்: எண்கள் ஒன்றிரண்டுக்குமேல் நகரவில்லை. அது சென்சாரின் சொந்த இரைச்சல். திரும்ப மேசைக்கு ஏற்றினேன், அம்மா அதே மேசையின் மறுமுனையில் தையல் மெஷின் மோட்டாரை மிதித்தார். எண்கள் குதித்தன, 'ஒதுக்கு' என்றது டீமன். இதை இரைச்சல் என்றே சொல்லக்கூடாது. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. தட்டச்சு செய்யும்போதும் இதே கதைதான், என்ன, அளவு குறைவு.

ஆக இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சென்சாரின் இரைச்சலுக்கு டிபி-ஸ்மாப்பி தொகுப்பில் வரும் மாற்று ஹெச்டாப்ஸ். கெர்னலோடு வருவது 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இதுவோ அந்த வேலையை மடிக்கணினிக்குள் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சில்லிடமே ஒப்படைக்கிறது: விநாடிக்கு 50 அளவு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே 5 மடங்கு ஓவர்சாம்பிளிங் (கூடுதல் முறை அளப்பது), ஆக விநாடிக்கு 250 முறை பார்த்துச் சுருக்கிக் கொடுக்கிறது. தாமதம் அதிகம் கூடாமல் கோடு அடங்கிவிட்டது. தட்டச்சு அதிர்வுக்கு டீமனில் அடாப்டிவ் என்றொரு தேர்வு உண்டு; விசைப்பலகையோ மவுஸோ இயங்கும்போது வாசலை, அதாவது எவ்வளவு ஆட்டத்துக்குத் தலையை ஒதுக்குவது என்ற வரம்பை, தானே உயர்த்திக்கொள்ளும்.

தையல் மெஷினுக்கு மென்பொருளில் மருந்து தேடவில்லை. வாசலை அந்த அளவுக்கு உயர்த்தினால் நிஜமாக விழும்போதும் டீமன் தூங்கும். மடிக்கணினியை அலமாரிக்கு மாற்றினேன், அவ்வளவுதான். டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 193 என்ற எண்ணுள்ள லோட் சைக்கிள் எண்ணிக்கை, அதாவது தலை ஒதுங்கித் திரும்பிய கணக்கு, இப்போது நிதானமாக ஏறுகிறது.

இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு டிரைவருக்கும் பெயர் ஒன்றே. கெர்னல் புதுப்பிப்பில், வெளி டிரைவர்களைப் புதுக் கெர்னலுக்கு மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் சொதப்பினால், கெர்னலோடு வரும் பழையது சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். ஹெச்டாப்ஸ் அடைவில் 'சாம்பிளிங் ரேட்' என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஓடுவது பழைய டிரைவர்.