வளர்ந்துகொண்டே இருக்கும் இதயத்தை எப்படி அளப்பது?

குழந்தைகள் இதயப் பிரிவில் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்று சொன்னால் பலரும் புது மருந்து, பெரிய கண்டுபிடிப்பு என்று ஏதேதோ நினைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் என் நேரத்தில் பெரும்பங்கு ஒரு பிள்ளை தூங்குவதற்காகக் காத்திருப்பதில் போகிறது. எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை எடுக்க வேண்டும், பிள்ளை வீறிட்டு அழுகிறது. அழும்போது துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், வால்வில் இருக்கும் கசிவு கூடுதலாகத் தெரியும். போன முறை தூக்கத்தில் எடுத்த படத்தையும் இந்த முறை அழுகையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "நோய் கூடியிருக்கிறது" என்று எழுதிவிட்டால், நாம் பதிவு செய்தது நோயை அல்ல, அழுகையை.

இந்தத் துறையில் அளப்பதுதான் முதல் சிக்கல், மருந்தெல்லாம் அப்புறம். பெரியவர்களுக்கு மகாதமனி இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் கவலை என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு அது செல்லாது. இரண்டு வருடத்தில் தமனி அகலமானால் அது நோயா, வளர்ச்சியா? அதனால் உயரம், எடையிலிருந்து உடல் பரப்பைக் கணக்கிட்டு, அந்த அளவுள்ள மற்ற குழந்தைகளின் சராசரியிலிருந்து இந்தக் குழந்தை எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கிறோம். அதற்கு இசட் ஸ்கோர் என்று பெயர். உயரத்தை யாராவது அவசரத்தில் தப்பாக எழுதினால், எக்கோ எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஸ்கோர் தப்பிவிடும். இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் இசிஜியிலும் இதே கதை. ஒரு துடிப்பில் கீழறைகள் மின்தூண்டல் பெற்று ஓய்வுக்குத் திரும்ப ஆகும் நேரமான க்யூடி இடைவெளியைத் துடிப்புக்கு ஏற்பத் திருத்த எல்லோரும் பயன்படுத்துகிற பாசெட் சூத்திரம், துடிப்பு வேகமாக இருக்கும்போது அளவுக்கு மீறித் திருத்திவிடும். பச்சிளம் குழந்தைக்கோ நிமிடத்துக்கு 140 துடிப்பு என்பதே சாதாரணம்.

ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். கிலோவுக்கு 80 மில்லி என்று வைத்தால் 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே 240 மில்லி ரத்தம். ஆராய்ச்சிக்காக ஒரே தடவையில் எடுக்கக்கூடியது அதில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல், அதாவது இரண்டரை மில்லிகூட இல்லை. பெரியவர்களுக்கான ஆய்வுத் திட்டத்தை அப்படியே கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது என்பது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அது டஜன்கணக்கான வெவ்வேறு குறைகளாகப் பிரிந்துவிடுகிறது. எந்த ஒரு மருத்துவமனைக்கும் ஒரே வகைக் குழந்தைகள் போதுமான அளவில் கிடைப்பதில்லை. இதயத்தின் இடப்பக்கம் வளராமல் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் அறுவை சிகிச்சையில் நுரையீரலுக்கு ரத்தம் போக எந்த வகைக் குழாய் வைப்பது நல்லது என்று பார்க்க, வட அமெரிக்காவில் 15 மையங்கள் சேர்ந்து 549 குழந்தைகளைச் சேர்த்தன. 2010இல் முடிவு வந்தது. வலது கீழறையிலிருந்து குழாய் வைத்தவர்களில் 74 சதவீதம் பேர் மாற்று இதயம் தேவைப்படாமல் ஒரு வயதைத் தாண்டினார்கள், பழைய முறையில் 64 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அதே குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது அந்த இடைவெளி சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு வயதோடு ஆய்வை மூடியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்பது இருக்கிறதே, அதற்கு எந்தப் பயிற்சியும் போதாது. குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், தாய் இன்னும் சரியாக எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில் இருப்பார், நாம் போய் "இரண்டு முறைகள் இருக்கின்றன, உங்கள் குழந்தைக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும்" என்று சொல்ல வேண்டும். "எது நல்லதோ அதைப் பண்ணுங்க சார்" என்பார்கள். எது நல்லது என்று யாருக்கும் தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது என்பதை அந்த நேரத்தில், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சுலபம். அப்படி வாங்கிய ஒப்புதலுக்கு மதிப்பில்லை என்பது என் கட்சி. வேண்டாம் என்று சொல்கிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதிகூட வரும், புரிந்துகொண்டுதான் சொல்கிறார்கள் என்று.

மருந்து விஷயத்தில் பல ஆய்வுகள் ஏமாற்றம்தான். பெரியவர்களின் இதயச் செயலிழப்புக்குக் கார்வெடிலால் கை கொடுக்கிறது, குழந்தைகளுக்கும் கொடுக்கும் என்று நினைத்தார்கள். 161 பேர் இருந்த அந்த ஆய்வு 2007இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் 56 சதவீதம். பிள்ளைகளின் இதயச் செயலிழப்புக்குக் காரணங்களே வேறு, சிலருக்கு அது தானாகவே தேறியும் வரும். இதயத்தில் ஒரே ஒரு கீழறை மட்டும் சரியாக வேலை செய்யும் குழந்தைகளுக்கு எனலாப்ரில் கொடுத்துப் பார்த்தார்கள், 230 பேர். 14 மாத வயதில் பார்த்தால் வளர்ச்சியில் ஒரு முன்னேற்றமும் இல்லை. அலுவலகத்தில் இதைத் "தோல்வி" என்று பேசும்போது எனக்குக் கோபம் வரும். தினமும் ஒரு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து, துப்பினால் மறுபடி கொடுக்கலாமா என்று பயந்துகொண்டே கொடுக்கிற ஒரு தாயை அதிலிருந்து விடுவிக்க முடிந்தால் அது எப்படித் தோல்வி?

ஆனால் என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. 2003இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு குழு, இதயத்தின் இடப்பக்கம் வளராமல் பிறந்து, முதல் அறுவை சிகிச்சைக்கும் இரண்டாவதற்கும் இடையே வீட்டில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோர் கையில் ஓர் எடைத் தராசையும் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியையும் கொடுத்து அனுப்பியதை எழுதியது. ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, எடை 30 கிராம் குறைந்தாலோ, மூன்று நாளில் 20 கிராம்கூட ஏறாவிட்டாலோ கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். முன்பு நூற்றுக்கு 15, 16 என்று இருந்த இறப்பு, அந்தச் சிறு குழுவில் ஒன்றுகூட இல்லை. சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை இது, பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டதுதான். அதே காலத்தில் அறுவை சிகிச்சையும் தீவிர சிகிச்சையும் மேம்பட்டிருக்கலாம் என்று யாராவது கேட்டால் மறுக்க முடியாது. ஆனாலும் பல இடங்களில் இது வழக்கமாகிவிட்டது, இனி "பாதிப் பேருக்குத் தராசு கிடையாது" என்று ஓர் ஆய்வை நெறிமுறைக் குழுவுக்கு எடுத்துச் செல்ல யாருக்கும் மனம் வராது. கச்சிதமாக நடத்திய ஆய்வுகள் பலன் இல்லை என்றன, கச்சிதம் இல்லாத ஒன்று பழக்கத்தையே மாற்றிவிட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் தராசின் பக்கம்.

இப்படி வீட்டில் பார்த்த எடையையும் ஆக்சிஜனையும் பெற்றோர் எழுதிக் கொண்டுவரும் நோட்டுகளை நான்தான் கணினியில் ஏற்றுகிறேன். வெற்றுக் கட்டங்கள்தான் கவனிக்க வேண்டியவை. ஒன்றும் இல்லாததால் எழுதாமல் விட்டார்களா, அல்லது அன்று எழுதக்கூட முடியாத நாளா? தொலைபேசியில் கேட்டால்தான் தெரியும். சில தாய்மார் இரவு முழுக்கக் கருவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தூக்கமின்மையை எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை, இருக்க வேண்டும்.

கடைசியாக, காலம். பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை 1988 முதல் 1992 வரை பாஸ்டனில் ஓர் ஆய்வில் சேர்த்து, அறுவை சிகிச்சையின்போது ரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்துவதா, மெதுவாக ஓடவிடுவதா என்று ஒப்பிட்டார்கள். அந்தக் குழந்தைகளை 16 வயது வரை பார்த்தார்கள். அப்போது இரு குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் மொத்தத்தில் 65 சதவீதம் பேருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ சிறப்பு உதவி தேவைப்பட்டிருந்தது. தொடங்கியபோது கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த பதில் இன்னொன்று.

அத்தனை வருடம் ஒரு குடும்பத்தைத் தொடர்வது என்றால் மாறிய முகவரி, மாறிய எண், "இன்னுமா கேட்கிறீர்கள்" என்ற சலிப்பு, எல்லாம் சேர்ந்துதான். பதினெட்டு வயதானதும் அப்பா அம்மா போட்ட கையெழுத்து போதாது, அந்தப் பிள்ளைகளிடமே புதிதாகக் கேட்க வேண்டும். போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்போது அதுவரை சேர்த்த தகவலையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்போம். அதற்குத் தனிப் படிவம்.