மார்ச் 21

இன்று காலை ஆராதனையில், மாலுமியாக இருந்து பிறகு போதகரான ஆங்கிலேயர் ஜான் நியூட்டன் எழுதிய பாட்டு. பக்கத்தில் ஒரு பெரியவர் கண்களை மூடிக்கொண்டு பாடினார்.

1748, இதே மார்ச் 21. அட்லாண்டிக் புயலில் கப்பலின் ஒரு பக்கம் பிய்ந்துபோனது. விடியற்காலை 3 மணியிலிருந்து நண்பகல்வரை நியூட்டன் பம்பு அடித்தார். ஓட்டைகளில் துணிமணி, படுக்கையைத் திணித்து, மேலே பலகை அறைந்தார்கள்.

சரக்கில் பெரும்பகுதி தேன்மெழுகும் மரமும். இரண்டும் தண்ணீரில் மிதப்பவை. அதனால்தான் மூழ்கவில்லை.

அன்றுதான், பல வருடம் கழித்து, கடவுளிடம் இரக்கம் கேட்டார்.

ஆனால் அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போனார், கேப்டனாகவே! அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுத 1788 ஆகிவிட்டது. 40 வருடம்.

இவ்வளவு மெதுவாகத் திரும்பியவரையும் கிருபை விட்டுவிடவில்லை. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

1805 மார்ச் 21. வயது 79. சரியாக எழுத முடியாத நிலையிலும், அந்த நாளை ஜெபத்தோடு அனுசரிப்பதாகக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.