அறுபத்துமூன்றாம் பக்கம்

திருகோணமலையில் ஒரு வாசிகசாலையின் நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றும் வேலையைச் சில வாரங்களாக மாலை நேரங்களில் செய்துவருகிறேன். நூல்கள் 1,240, பக்கத்துக்கு 20 வீதம் காட்டினால் சரியாக 62 பக்கங்கள் வரவேண்டும். ஆனால் மொத்தத்தை 20ஆல் வகுத்து, மீதி இருக்கிறதா என்று பாராமலே ஒன்றைக் கூட்டியிருந்தபடியால், 63ஆம் பக்கத்துக்கும் ஓர் இணைப்பு வந்து நின்றது. தொட்டால் வெறும் வெள்ளைத் திரை. மொத்தத்துடன் 19ஐக் கூட்டி, 20ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அத்தனை பக்க எண்களையும் வரிசையாக இட்டால் கைபேசியில் பல வரிகளாக மடிந்து விழும். ஆகவே முதற்பக்கம், கடைசிப்பக்கம், நிற்கும் பக்கத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு எண்கள் என்று வைத்து, இடைவெளியில் மூன்று புள்ளிகள் இட்டேன். 5ஆம் பக்கத்தில் நிற்கும்போது 1க்கும் 3க்கும் நடுவே விடுபடுவது 2 மட்டுமே. ஓர் எண்ணை மறைக்க மூன்று புள்ளிகள் எதற்கு? அங்கே எண்ணையே போட்டுவிட்டேன்.

என்னை மிகவும் அலைக்கழித்தது வேறொன்று. தேடற்பெட்டியில் ‘கோணேசர்’ என்று தட்டி, கிடைத்த பட்டியலில் 2ஆம் பக்கத்தைத் தொட்டால், முழு நூற்பட்டியலின் 2ஆம் பக்கம் வந்து, சமையற் புத்தகங்களும் கணித வழிகாட்டிகளும் வரிசையாக நின்றன. இணைப்பை உருவாக்கும் நிரல் பக்க எண்ணை மட்டும் எழுதி, தேடற்சொல்லை இணைய முகவரியிலிருந்து உதிர்த்துவிட்டிருந்தது. இப்போது முகவரியில் உள்ளவை எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, பக்க எண்ணை மட்டும் மாற்றுகிறேன். புதிய சொல்லைத் தேடினால் மட்டும் 1ஆம் பக்கத்துக்குத் திரும்பும்.