மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு: லண்டன் வீதியில் வாகனம் தரிப்பது

சாரதி ஆசனத்தில் ஆள் இருந்தால் வாகனம் ‘பார்க்’ பண்ணியதாகாது என்று ஊரில் எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். லண்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் வாங்கும் தண்ட டிக்கெட்டுகளில் கணிசமானவை இந்த ஒரு எண்ணத்தால் வருபவை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும், நான்கு பக்கமும் ஹசார்ட் லைட் மின்னினாலும், ஸ்டியரிங்கில் கை இருந்தாலும், மஞ்சள் கோட்டில் நிற்கும் வாகனம் சட்டப்படி அங்கே தரித்து நிற்கிறது. மனைவி கடையிலிருந்து வரும்வரை ஐந்து நிமிடம் உள்ளேயே இருந்தேன் என்பது பதிலாகாது. அது தவறை நீங்களே ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம்.

இங்கே வீதிச் சட்டம் மூன்று செயல்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது: தரித்து நிற்றல், பொருள் ஏற்றி இறக்கல், வெறுமனே நிறுத்துதல். வீதியோரத்து மஞ்சள் கோடு தரித்து நிற்பதைத்தான் தடுக்கிறது. நடைபாதைக் கல்லின் விளிம்பில் குறுக்காக அடித்த சிறிய மஞ்சள் கீறல்கள் ஏற்றி இறக்குவதையும் தடுக்கின்றன. சிவப்புக் கோடு நிறுத்துவதையே தடுக்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதியெல்லாம் இலகு.

இரட்டை மஞ்சள் கோட்டுக்குப் பலகை தேவையில்லை. ஞாயிறு, நத்தார், நள்ளிரவு எல்லாம் தடைதான். ஆனால் ஆளை ஏற்றவும் இறக்கவும் அங்கே நிறுத்தலாம். கதவைத் திறந்து, ஆள் ஏறி, பெல்ட் போட்டுக் கிளம்ப எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் உண்டு. தமிழ்ப் பள்ளி வாசலில் சின்னப் பிள்ளையை உள்ளே கொண்டுபோய் விடுவதையும், நடக்கச் சிரமப்படும் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிச்செல்வதையும் பொதுவாக இதற்குள் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆள் இன்னும் வெளியே வராமல் அவருக்காகக் காத்திருப்பது இதற்குள் வராது.

கல்லின் விளிம்பில் கீறல் இல்லாத மஞ்சள் கோட்டில் பொருள் ஏற்றலாம், இறக்கலாம். இரண்டிரண்டாகக் கீறல் இருந்தால் எந்நேரமும் ஏற்றி இறக்கத் தடை. ஒற்றைக் கீறல் என்றால் அருகிலுள்ள வெள்ளைப் பலகை சொல்லும் நேரங்களில் மட்டும் தடை. பொருள் என்பது வாகனம் இல்லாமல் கொண்டுபோக முடியாத பாரமோ பருமனோ உள்ளதாக இருக்க வேண்டும். முன்பே காசு கட்டிய 20 கிலோ அரிசி மூட்டைகளைத் தூக்கி வைப்பது ஏற்றுதல். கடைக்குள் போய் முருங்கைக்காய் தெரிந்தெடுத்து வரிசையில் நிற்பது ஏற்றுதல் அல்ல, கடைக்குப் போதல். ஏற்றும்போது காரின் பின்பெட்டி மூடி திறந்திருக்கட்டும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எழுதும் கடிதத்தில் அந்தச் சீட்டுத்தான் பேசும்.

ஒற்றை மஞ்சள் கோடுதான் ஆட்களை அதிகம் விழுத்துவது. அதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, நேரம் மஞ்சள் பலகையில் இருக்கும். பலகையைத் தேடுகிறீர்கள், வீதி முழுக்க ஒன்றுமில்லை, ஆகவே கட்டுப்பாடும் இல்லை என்று முடிவெடுக்கிறீர்கள். பிழை அங்கேதான். லண்டனின் பல பகுதிகள் கட்டுப்பாட்டுத் தரிப்பு வலயங்களாகப் பிரிக்கப்பட்டவை. வலயத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வீதியின் வாயிலிலும் பெரிய பலகையில் நாளும் நேரமும் எழுதியிருக்கும். அதே நேரம்தான் உள்ளே இருக்கும் ஒற்றை மஞ்சள் கோடுகளுக்கும் என்றால், கோட்டருகே தனிப் பலகை வைக்க வேண்டிய கடமை கவுன்சிலுக்கு இல்லை. நீங்கள் நாலு தெருவுக்கு அப்பால் அந்தப் பலகையைத் தாண்டி வந்திருப்பீர்கள், நாவிகேஷன் திரையைப் பார்த்தபடி. தெரியாத இடத்துக்குப் போனால், நிறுத்திய பின் நுழைந்த வழியே நடந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி. காரை நிறுத்த வீதியில் கோடு கீறிய பெட்டிகளுக்கு மட்டும் எப்போதும் சொந்தப் பலகை இருக்கும். அந்த நேரமும் வலயத்து நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வலயங்களில் வெம்பிளி தனி ரகம். ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள பெரிய பரப்பில் விளையாட்டோ இசை நிகழ்ச்சியோ நடக்கும் நாளில் மட்டும் அமுலாகும் கட்டுப்பாடு உண்டு. அடுத்த நிகழ்ச்சித் திகதி நுழைவுப் பலகையிலேயே போட்டிருப்பார்கள். கோயிலுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ அந்தப் பக்கம் போகிறவர்கள் முதல்நாளே ஸ்டேடிய நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட வேண்டும். கல்யாணம் வைப்பவர்கள் அழைப்பிதழிலேயே இதைக் குறிப்பிட்டால் விருந்தினருக்குப் பெரிய உதவி.

வங்கி விடுமுறை நாள் என்றால் எல்லாம் இலவசம் என்ற பேச்சு நம்மவரிடையே உண்டு. பெட்டிகளைப் பல கவுன்சில்கள் அன்று விட்டுவிடுகின்றன, சில விடுவதில்லை. மஞ்சள் கோடு, பலகையில் விலக்கு எழுதியிராவிட்டால், அன்றும் உயிரோடுதான் இருக்கும்.

சிவப்புக் கோடு லண்டன் போக்குவரத்துத் துறையின் பிரதான வீதிகளில் வருவது. இரட்டைச் சிவப்பு எந்நேரமும், ஒற்றைச் சிவப்பு பலகை நேரத்தில். கறுப்பு டாக்சி, நீல பாட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பு அட்டை) உள்ளவரை இறக்குவது போன்ற சில விலக்குகள் தவிர, ஆளை இறக்கக்கூட நிறுத்தக்கூடாது. ஹைகேற் முருகன் கோயில் இருக்கும் ஆர்ச்வே வீதி ஏ1 நெடுஞ்சாலையின் பகுதி, சிவப்பு வீதி. வாசலில் அம்மாவை இறக்கிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களைக் கமரா படம் பிடிக்கும், டிக்கெட் தபாலில் வரும். சிவப்பு வீதியிலும் இடையிடையே பெட்டிகள் உண்டு. அவற்றின் பலகையை வாசித்து அதற்குள் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பக்கத் தெருவில் இறக்குங்கள்.

கோடும் பலகையும் இல்லாமலே தடை உள்ள இடங்களை யாரும் சொல்லித் தருவதில்லை. நடைபாதையில் ஏற்றி நிறுத்துவது லண்டன் முழுவதும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை. ஒரே ஒரு சில்லு கல்லின் மேல் ஏறியிருந்தாலும் போதும். பாதி நடைபாதையில் கார் நிற்பதைக் காட்டும் நீலப் பலகை உள்ள தெருக்களில் மட்டும் அனுமதி. ஒடுங்கிய தெருவில் மற்றவருக்கு வழிவிட நினைத்துத்தான் பலர் ஏற்றுகிறார்கள். நல்ல மனசு, ஆனால் சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டியும் வீதியில் இறங்க வேண்டி வரும்.

நடைபாதைக் கல்லை வீதி மட்டத்துக்குத் தாழ்த்திய இடம் அடுத்தது. வீட்டு வாசல் என்றால், அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால் நிற்கலாம், அவர் முறையிட்டால் டிக்கெட். இரண்டு வீட்டுக்குப் பொதுவான வாசலுக்கும், பாதசாரிகள் கடப்பதற்காகச் சந்தியருகே தாழ்த்திய இடத்துக்கும் இந்தச் சம்மதக் கதை செல்லாது. வாசலுக்குக் குறுக்கே போட்ட வெள்ளைக் கோடு வெறும் வேண்டுகோள்தான். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாழ்த்திய கல்தான் சட்டம். கரையிலிருந்து 50 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளி நிறுத்துவது இரட்டைத் தரிப்பு எனப்படும். சந்தியிலிருந்து 10 மீற்றருக்குள் நிறுத்த வேண்டாம் என்கிறது நெடுஞ்சாலைக் கோவை. பாதசாரிக் கடவையின் வெள்ளை நெளிகோட்டில் (ஸிக்ஸாக்) நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம். பொலிஸ் பிடித்தால் தண்டத்தோடு உரிமத்தில் 3 புள்ளியும் ஏறும், காப்புறுதிக் கட்டணமும் கூடும்.

இனி வீடு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன், அந்த விலாசத்துக்குக் குடியிருப்பாளர் பெர்மிட் கிடைக்குமா என்று கவுன்சில் தளத்தில் தபால் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். புதிதாகக் கட்டிய பல மாடிக் குடியிருப்புகள் ‘கார் இல்லாக் குடியிருப்பு’ என்ற நிபந்தனையில் அனுமதி பெற்றவை. அங்கே எவ்வளவு காலம் இருந்தாலும் பெர்மிட் கிடையாது. வீட்டு முகவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். பெர்மிட்டுக்கு வாடகை ஒப்பந்தமோ கவுன்சில் வரிப் பத்திரமோ, அதோடு அதே விலாசத்தில் உள்ள வி5சி வாகனப் பதிவுப் புத்தகமும் கேட்பார்கள். பல கவுன்சில்கள் புகை வெளியேற்ற அளவை வைத்துக் கட்டணம் போடுவதால், பழைய டீசல் வாகனம் வாங்க முன் அதையும் கணக்கில் எடுங்கள்.

பெர்மிட் இருந்தால் எப்போதும் நிற்கலாம் என்றில்லை. வீடு மாறுபவருக்கோ குழாய் வேலைக்கோ பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாகக் கவுன்சில் மஞ்சள் அறிவித்தல் கட்டும். அந்தத் திகதியில் உங்கள் கார் அங்கே நின்றால் டிக்கெட், பிறகு இழுத்துச் செல்லல். இழுத்த வாகனத்தை மீட்க 2025 ஏப்ரலுக்குப் பின் 280 பவுண், களஞ்சியத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 55 பவுண், தண்டம் தனி. நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். நிறுத்தும்போது அறிவித்தலே இல்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் நான்கு வாரம் போய்ப் பார்க்காத காருக்கு அது போதுமான காரணமாக எடுபடுவது அரிது. சாவியைச் சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் யாராவது ஒருவரின் வீட்டு முற்றத்தில் விட்டுப் போங்கள்.

பெற்றோரின் நீல பாட்ஜ் பற்றிக் கட்டாயம் ஒரு சொல். இங்கிலாந்தில் அதை வைத்து, மணிக்கூட்டுத் தகட்டில் வந்த நேரத்தைக் காட்டி, ஏற்றி இறக்கத் தடையில்லாத மஞ்சள் கோட்டில் 3 மணிநேரம் நிற்கலாம். மத்திய லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், சிற்றி, கென்சிங்ரன் செல்சி, கம்டனின் தென்பகுதி ஆகியவற்றில் இந்தச் சலுகை அப்படியே செல்லாது. பாட்ஜ் ஆளுக்குரியது, காருக்கல்ல. அம்மா வீட்டில் இருக்க அவருடைய பாட்ஜை வைத்து வேலைக்குப் போவது குற்ற வழக்கு, 1000 பவுண் வரை அபராதம். உண்மையில் தேவைப்படுபவரின் இடத்தை எடுப்பது என்பதால் கவுன்சில்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

செயலியில் காசு கட்டும்போது நடக்கும் பிழைகள் இரண்டு. பழைய காரின் இலக்கம் சேமித்திருந்து அதற்குக் கட்டிவிடுவது ஒன்று. பக்கத்துத் தெருவின் இடக் குறியீட்டைப் போடுவது மற்றது. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கான் செய்யாதீர்கள், மோசடிக்காரர் தங்களுடையதை மேலே ஒட்டிய சம்பவங்கள் உண்டு. செயலியை நேரே திறந்து குறியீட்டை எழுதுங்கள். கட்டிய நேரம் முடிந்தபின் 10 நிமிட அவகாசம் 2015 முதல் சட்டத்தில் இருக்கிறது. அது பெட்டிகளுக்கும் கவுன்சில் தரிப்பிடங்களுக்கும் மட்டும். மஞ்சள் கோட்டுக்குப் பத்து விநாடிகூடக் கிடையாது.

டிக்கெட் வந்துவிட்டால்: லண்டன் கவுன்சில்களின் தண்டம் இடத்தையும் தவறையும் பொறுத்து 90 முதல் 160 பவுண். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. கட்டினால் வழக்கு முடிந்தது, பிறகு வாதாட முடியாது. எனவே எதிர்க்கக் காரணம் உண்டென்றால் கட்டாமல் அந்த 14 நாளுக்குள்ளேயே எழுதுங்கள். மறுத்தாலும் பல கவுன்சில்கள் பாதிக் கட்டணத்தை மறுபடி தரும். டிக்கெட் இலக்கத்தைக் கவுன்சில் தளத்தில் போட்டால் அதிகாரி எடுத்த படங்கள் வரும். அவற்றைப் பார்க்காமல் எழுத வேண்டாம். கார், கோடு, பலகை, வீதியின் நீளம் எல்லாவற்றையும் அன்றே நீங்களும் படமெடுங்கள்.

எடுபடும் காரணங்கள்: பலகை இல்லை, மரக்கிளை மறைத்தது, இரண்டு பலகை ஒன்றுக்கொன்று முரண், பொருள் ஏற்றியதற்குச் சீட்டு உண்டு, கார் பழுதானதற்குப் பத்திரம் உண்டு. எடுபடாதவை: தெரியாது, இரண்டு நிமிடம்தான், எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். சுகவீனம், மரணம் போன்ற இரக்கத்துக்குரிய காரணங்களைக் கவுன்சிலிடமே முதலில் ஆதாரத்தோடு வையுங்கள். தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. சுயாதீனத் தீர்ப்பாயம் சட்டத்தைத்தான் பார்க்கும், இரக்கக் காரணத்துக்காகக் கவுன்சிலிடம் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

28 நாளில் தீராவிட்டால் உரிமையாளருக்கு அறிவித்தல் வரும். அதற்கு முறையான ஆட்சேபம் எழுத மேலும் 28 நாள். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நிராகரித்தால் லண்டன் தீர்ப்பாயத்துக்கு 28 நாளுக்குள் இலவசமாக மேன்முறையிடலாம். எதையும் செய்யாவிட்டால் தண்டம் ஒன்றரை மடங்காகி, நீதிமன்றப் பதிவாகி, கடைசியில் அறவிடும் முகவர் கதவைத் தட்டுவார்.

அந்தக் கதவுத் தட்டல்தான் பலருக்கு வரும் முதல் செய்தி, ஏனென்றால் கடிதங்கள் எல்லாம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். வீடு மாறினால் ஓட்டுநர் உரிமத்தை மாற்றிவிட்டு வி5சியை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இரண்டும் வேறுவேறு பதிவுகள், இரண்டையும் இணையத்தில் இலவசமாக மாற்றலாம். மாமாவின் பெயரில் பதிந்த காரை மருமகன் ஓட்டினால் தண்டக் கடிதம் மாமாவுக்குத்தான் வரும். அறிவித்தல் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்றால் நோர்தம்ப்ரனில் உள்ள போக்குவரத்து அமுலாக்க மையத்துக்கு டிஇ9 படிவத்தில் சாட்சியக் கூற்று அனுப்பலாம். காலம் கடந்திருந்தால் டிஇ7 படிவமும் சேர வேண்டும். அதில் பொய் எழுதுவது குற்றம்.

சூப்பர் மார்க்கெட், கடைத்தொகுதி போன்ற தனியார் தரிப்பிடத்து டிக்கெட் வேறு சாதி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அது தண்டம் அல்ல, ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணம். உச்சம் வழமையாக 100 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 60. கமராவில் பிடித்திருந்தால், சாரதி யாரென்று தெரியாத நிலையில் பதிவு உரிமையாளரிடம் கேட்க, 14 நாளுக்குள் அறிவித்தல் அவர் கையில் கிடைக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுச் சட்டம். உறையையும் திகதியையும் வைத்திருங்கள். அதே நாளில் காலையும் மாலையும் இருமுறை போனதை, கமரா நடுவில் வெளியேறியதைத் தவறவிட்டு, ஆறு மணிநேரம் நின்றதாகக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் கோளாறு. இடையில் வேறிடத்தில் இருந்ததற்கான கடைச் சீட்டு அதை முறிக்கும். முதலில் நிறுவனத்திடம், பிறகு அது சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து பொப்லா அல்லது ஐஏஎஸ் என்ற மேன்முறையீட்டுச் சேவையிடம் முறையிடலாம்.

இவற்றைக் குப்பையில் போட்டால் போதும் என்ற அறிவுரை இப்போதும் சுற்றுகிறது. கவுண்டி நீதிமன்றப் படிவம் வந்தபின் அதை மட்டும் செய்யாதீர்கள். 14 நாளுக்குள் பதில் பதிந்தால் வாதம் எழுத மேலும் 14 நாள் கிடைக்கும். பதிலே இல்லாவிட்டால் தீர்ப்பு தானாக உங்களுக்கு எதிராக விழுந்து, 6 ஆண்டு கடன் பதிவில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கிக்காரர் பார்ப்பது அதைத்தான். தீர்ப்பு விழுந்து ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டினால் பதிவிலிருந்து நீக்குவார்கள்.