கொடிகளும் உறைபனியும்: தோட்ட நாட்குறிப்பு

நவம்பர் 16

காகிதப்பூவும் மல்லிகையும் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் இனி உரம் கிடையாது. இப்போது தழைச்சத்து கொடுத்தால் இளந்துளிர் விடும். உறைபனியில் முதலில் கருகுவது அதுதான். கவாத்தும் வேண்டாம், வெட்டினாலும் துளிர்க்கத்தான் பார்க்கும்.

வேரைச் சுற்றி மூடாக்குப் போட்டாயிற்று. காய்ந்த சருகு, 15 சென்டிமீட்டர் உயரம். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். ஈரச் சருகு அதோடு ஒட்டிக்கிடந்தால் பட்டை அழுகிவிடும்.

டிசம்பர் 3

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. இந்த மாதிரி இரவுதான் பயம். பகலில் மண் வாங்கிவைத்த சூடு இரவெல்லாம் மேலே போய்க்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். இன்று எல்லாம் போய்விடும்.

துணி போட்டால் செடிக்குச் சூடு வருவதில்லை, மண்ணின் சூடு வெளியே போகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் கொடியின் தலையில் மட்டும் துணியைச் சுற்றி அடியைத் திறந்து விடுவதில் பயன் குறைவு. பந்தலின் மேலிருந்து தரைவரை இறக்கி, ஓரத்தில் கல் வைத்தேன். மெல்லிய துணியே போதும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது ஒட்டிய இலையெல்லாம் கருகிப்போகும்.

மதியமே வேரில் தண்ணீர் விட்டேன். காய்ந்த மண்ணைவிட ஈரமண் அதிகச் சூட்டைப் பிடித்துவைக்கும்.

டிசம்பர் 4

காலையில் தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டியது. புல்லிலோ வெள்ளையாகப் பனி. இரண்டும் சரிதான். தெர்மாமீட்டர் தொங்குவது ஆள் உயரத்தில். குளிர்ந்த காற்று கனமானது, தரையில் தேங்கும். இலையும் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோகும். இரவில் 4 டிகிரி என்று அறிவிப்பு வந்தாலே நான் மூடிவிடுகிறேன்.

துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாஷன் பூ (passion flower) கொடியின் இலை ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரமெல்லாம் ஊசி ஊசியாகப் பனி. வெயில் ஏறியதும் வெந்நீர் ஊற்றினாற்போல் கரும்பச்சையாகித் துவண்டுவிட்டது. உள்ளே இருந்த இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பனி உருகிய பிறகுதான் துணியை எடுத்தேன். உறைந்த மொட்டில் காலை வெயில் நேராக விழுந்தால் சேதம் கூடும். கொடியைக் கிழக்குச் சுவரில் ஏற்றாமல், மதிய வெயில் வாங்கும் சுவரில் ஏற்றுவது அதனால்தான். அந்தச் சுவர் இரவில் கொஞ்சம் சூடும் கொடுக்கும்.

டிசம்பர் 19

தொட்டிக் கொடிகளைச் சுவரோரம் நகர்த்தினேன். தொட்டியில் வேருக்கு நாலா பக்கமும் குளிர், சாக்கு சுற்றியிருக்கிறேன்.

ஜனவரி 8

மேகமூட்டம். மூடவில்லை.

பிப்ரவரி 20

காகிதப்பூவின் நுனிகள் பழுப்பேறிவிட்டன. பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் வெட்டப்போவதில்லை. காய்ந்த நுனி கீழே உள்ள மொட்டுக்கு மறைப்பு. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன்: நுனியில் பழுப்பு, ஒரு முழம் கீழே நல்ல பச்சை, ஈரம். உறைபனி முழுக்க ஓய்ந்த பிறகு அந்தப் பச்சை வரைக்கும் வெட்டினால் போதும்.

பாஷன் கொடியில் தரைக்கு மேலே எங்கே கீறினாலும் பழுப்புதான். நீலப் பூ வகை என்பதால் வேரிலிருந்து துளிர்க்க வாய்ப்பு உண்டு, ஆனால் தாமதமாகத்தான் வரும். செத்துவிட்டது என்று தோண்டிவிடாமல் மூடாக்கோடு அப்படியே விட்டிருக்கிறேன்.