வாகைக் கட்டையும் ஒரு பழைய பேண்ட்சாவும்

மார்ச் 4

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வாகையின் இரண்டு பெரிய கிளைகள் கூரைமேல் சாய்ந்துகொண்டே வந்தன. இன்று வெட்டி இறக்கியாயிற்று. வெட்டுவாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வெளிச்சுற்று வெளிறிக் கிடக்கிறது. உள்ளே கரும்பழுப்பில் நல்ல வைரம். விறகுக்குக் கேட்டவர்களிடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டடி நீளத்தில் 11 கட்டைகள் தேறின. ஒன்பது கட்டைகள் 5 அங்குல விட்டத்துக்குள் இருக்கின்றன, இரண்டு மட்டும் 8 அங்குலம். இருட்டுவதற்குள் வெட்டுமுனைகள் எல்லாவற்றிலும் மிச்சமிருந்த எனாமல் பெயின்டைக் கனமாகப் பூசினேன். ஈரம் பக்கவாட்டில் போவதைவிட முனை வழியாகத்தான் பல மடங்கு வேகமாகப் போகும். முனை முதலில் சுருங்க, நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விடும். பெயின்ட் அதைத் தள்ளிப்போடுமே தவிர முழுக்கத் தடுக்காது. பலகைகளாக அறுக்க வழி தேட அதிக நாள் இல்லை.

மார்ச் 6

மர அறுவை மில்லில் கேட்டேன். "ரெண்டடிக் கட்டையை எங்க வண்டியில பிடிக்கவே முடியாதுங்க" என்றார்கள். நியாயமான பதில்தான். நீளமான மரத்துக்காகச் செய்த வண்டி அது.

வீட்டிலேயே அறுப்பதென்றால் எதைக் கொண்டு? செயின்சா ஒவ்வோர் அறுப்புக்கும் கால் அங்குலம் தின்னும். 5 அங்குலக் கட்டையில் நான்கு அறுப்பு போட்டால் ஒரு முழுப் பலகை தூளாகப் போய்விடுகிறது. 10 அங்குல வட்ட ரம்பத்தை எவ்வளவு உயர்த்தினாலும் மேசைக்கு மேல் சுமார் 3 அங்குலம்தான் நிற்கும், அதோடு உருண்டைக் கட்டையைப் பிடித்துத் திருப்பி நம்மேல் எறியும். பேண்ட்சா என்பது முனைகளை ஒட்டி வளையமாக்கிய பட்டை பிளேடு மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்கள்மேல் ஓடும் ரம்பம். அதன் பிளேடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் தின்கிறது. பிளேடு மேலிருந்து கீழே ஓடுவதால் மரத்தை மேசையோடு அழுத்தியே அறுக்கும்.

பேண்ட்சா என்று முடிவு. கையில் உள்ள தொகைக்கு எது என்பதுதான் இனி.

மார்ச் 10

இன்று மேசைமேல் வைக்கிற புதிய 10 அங்குல மெஷின் ஒன்றை நேரில் பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது, விலையும் எட்டுகிறது. டேப்பை எடுத்து மேசைக்கும் மேல் கைடுக்கும் (பிளேடை நெளியாமல் பிடித்திருக்கும் பாகம்) நடுவே வைத்தேன். 4 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருப்பேன். 10 அங்குலம், 14 அங்குலம் என்று மெஷினுக்குச் சொல்வது சக்கரத்தின் அளவு. பிளேடுக்கும் தூணுக்கும் இடையில் எவ்வளவு அகலம் போகும் என்பதைத்தான் அது கிட்டத்தட்டச் சொல்கிறது. எவ்வளவு உயரமான மரம் நுழையும் என்பது வேறு கணக்கு. அதிலும் உருண்டைக் கட்டையை ஒரு தாங்குபலகையில் வைத்துத்தான் தள்ள வேண்டும். அந்தப் பலகை முக்கால் அங்குலத்தை எடுத்துக்கொண்டால் எனக்கு மிஞ்சுவது மூன்றரை. என் ஒன்பது கட்டைகளில் ஒன்றுகூட நுழையாது.

மோட்டார் அரை ஹெச்.பி. சிறு விளையாட்டுப் பொருள்கள் செய்ய, வளைவாக வெட்ட எல்லாம் அருமையான மெஷின்தான். பச்சைக் கடினமரத்தை நெடுக அறுக்க அதைக் கேட்பது நம் தப்பு.

மார்ச் 12

இரும்பு அறுக்கும் படுக்கை பேண்ட்சா ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம். வேண்டாம் என்று விட்டேன். மரத்துக்கு பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 3,000 அடி ஓட வேண்டும். அதில் சில நூறு அடியைத் தாண்டாது. மரம் அறுபடும், நமக்குத்தான் வயதாகிவிடும்.

மார்ச் 15

பட்டறையைக் காலி செய்கிற ஒருவரிடம் பழைய 14 அங்குல மெஷின், வார்ப்பிரும்புச் சட்டம், 1 ஹெச்.பி. மோட்டார். விலை அந்தப் புதிய 10 அங்குலத்தை ஒட்டித்தான் வருகிறது. நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்த அண்ணன் ஒருவரைக் கூட அழைத்துப் போனேன். நான் மோட்டாரின் தகட்டைப் படித்துக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "மோட்டாரை விடு தம்பி. அது போனா வேற மாட்டிக்கலாம். சக்கரத்தைப் பாரு, சட்டத்தைப் பாரு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தோம். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தார். ஒரு முழுச் சுற்றில் விளிம்புக்கும் பென்சில் முனைக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் சக்கரம் கோணல். இது மாறவில்லை. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஆட்டம் இல்லை, பேரிங் நன்றாக இருக்கிறது. சக்கர விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் டயர்தான் மோசம். பிளேடைத் தளர்த்தாமல் வருடக்கணக்கில் விட்டிருக்கிறார்கள்; ரப்பரில் நகம் நுழைகிற ஆழத்துக்குப் பள்ளம். டயரின் நடு மேடுதான் பிளேடை ஓரத்துக்கு ஓடாமல் நிறுத்துவது. அது தேய்ந்தால் எத்தனை திருகு திருகினாலும் பிளேடு நிலைகொள்ளாது. பிளேடை விறைப்பாக இழுத்து நிறுத்தும் இழுவிசை ஸ்பிரிங்கும் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அமுங்கிக் கிடந்தது. டயர், ஸ்பிரிங் இரண்டையும் மாற்றிவிடலாம், சட்டத்தை மாற்ற முடியாது. சட்டத்தில் எங்காவது விரிசலோ பற்றவைத்த தழும்போ உண்டா என்று துணியால் துடைத்துத் துடைத்துத் தேடினோம். இல்லை.

கைடுக்குக் கீழே 6 அங்குலம். தாங்குபலகை போக ஐந்தே கால். 5 அங்குலக் கட்டை இடுக்கிக்கொண்டு நுழைந்துவிடும். இதே வகைச் சட்டத்துக்கு நடுவில் தூணை உயர்த்தும் ஓர் இரும்புக் கட்டையைச் சொருகி இந்த உயரத்தை 12 அங்குலமாக்கலாம். அதைச் சொன்னபோது அண்ணன் யோசித்தார். தூண் உயர்ந்தால் இழுவிசையில் அதிகம் வளையும், 93½ அங்குல பிளேடும் 105 அங்குலமாக மாற வேண்டும், இந்த மோட்டாருக்கு 12 அங்குலப் பச்சைக் கட்டை தாங்காது. இரண்டு 8 அங்குலக் கட்டைக்காக அது வேண்டாம் என்பது என் முடிவு. அவற்றைச் செயின்சாவால் இரண்டு பக்கம் சீவிக்கொள்கிறேன்.

முன்பணம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 22

மெஷின் வந்து, டயரும் ஸ்பிரிங்கும் மாற்றியாயிற்று. டயர் ஏற்றியதில் விரல் நுனிகள் இன்னும் வலிக்கின்றன.

மார்ச் 24

பழைய பிளேடோடு ஒரு கட்டைத்துண்டை விட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலம் போவதற்குள் தூள் கருகிய வாடை. அறுத்த முகம் நடுவில் பீப்பாய் மாதிரிப் புடைத்திருக்கிறது. இழுவிசையைக் கூட்டினேன், கைடை ஒரு தாள் கனம் இடைவெளிக்குச் சரிசெய்தேன், அப்படியும் அதேதான். பிறகுதான் உட்கார்ந்து பல்லை எண்ணினேன். அங்குலத்துக்கு 10.

ஐந்து அங்குல உயரத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது பல் மரத்துக்குள் இருக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் தூளைச் சுமந்து வெளியேற்றுவது. பள்ளம் சிறியது, தூளோ ஈரம், உடனே நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் பல் மரத்தைத் தொடாது. பிளேடு சூடேறிப் பக்கவாட்டில் நெளியும். இதற்கு அங்குலத்துக்கு 3 பல், அரை அங்குல அகலம், 0.025 அங்குலக் கனம், பச்சை மரத்துக்காகப் பல்லை இரண்டு பக்கமும் நன்றாக விரித்தது வேண்டும். முக்கால் அங்குலப் பிளேடும் இந்த மெஷினில் ஏறும்தான். அதை விறைப்பாக நிறுத்துகிற இழுவிசை இந்தச் சட்டத்துக்குக் கிடையாது. அகலம் குறைந்த பிளேடை முழு விறைப்பில் ஓட்டுவதே நேராக அறுக்கும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்வேன்: மொத்தத் தொகையில் மூன்று நல்ல பிளேடுக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள், மிச்சத்துக்கு மெஷின் பாருங்கள்.

மார்ச் 27

பிளேடு வந்தது. சுற்றுக்கு ஒரு தடவை டிக், டிக் என்று சத்தம். நிறுத்தித் தடவினால் பற்றவைத்த இடத்தில் ஒரு சின்ன முண்டு, கைடில் இடிக்கிறது. அரத்தால் பின்பக்கத்தை மெல்லத் தேய்த்ததும் அடங்கியது.

இந்த ஒட்டுதான் பேண்ட்சாவின் கதையே. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1809-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சக்கரத்தின்மேல் வளைந்து வளைந்து ஓடிய பிளேடுகள் ஒட்டிலேயே அறுந்ததால் சுமார் நாற்பது வருடம் அது பயன்படாமல் கிடந்தது. 1846-ல் ஆன் போலின் கிரெப்பன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஒட்டும் முறைக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் இந்த மெஷின் பிழைத்தது. அந்த முண்டின்மேல் விரலை வைத்தபோது அவர் நினைவு வந்தது.

மார்ச் 29

இன்று அறுத்தேன்.

தாங்குபலகை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு நீளத் துண்டு, மேசையின் நீளப் பள்ளத்தில் (காடி) ஓட அடியில் ஒரு சட்டம், இரண்டு முனையிலும் செங்குத்தாக ஒரு பலகை. கட்டையை நடுவில் வைத்து முனைப்பலகை வழியாகத் திருகாணி இறக்க வேண்டும். பிளேடு போகும் கோட்டுக்கு வெகுதூரத்தில் இறக்க வேண்டும் என்பதால் கோட்டைச் சிவப்பு பென்சிலால் போட்டேன். கட்டையைப் பூட்டாமல் கையால் பிடித்து மட்டும் தள்ளக் கூடாது. உருண்டையின் அடியில் ஆதாரம் இல்லாத இடத்தில் பல் கீழே இழுக்கும், கட்டை உருளும், பிடித்திருக்கும் கையும் பிளேடுக்குள் போகும்.

முதல் அறுப்பை நடுக்குருத்தின் வழியாகவே விட்டேன். குருத்தை உள்ளே வைத்துக் காயப்போட்டால் எந்தப் பலகையும் வெடிக்கும். தள்ளும் கையில் அவசரம் காட்டவில்லை, மோட்டாரின் சத்தம் கனத்தால் நிறுத்தி, இறங்கினால் தள்ளினேன். மூக்கும் தொண்டையும் எரிந்தன. வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மாஸ்க்கைக் கழற்றிய அரை நிமிடத்தில் ஏழெட்டுத் தும்மல்.

கட்டை இரண்டாகப் பிரிந்து விழுந்தது. ஈரமான முகத்தில் இழை ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமுமாகச் சாய்ந்து, வெளிச்சத்தில் திருப்பத் திருப்ப நிறம் மாறுகிறது. விறகாகியிருக்க வேண்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2

ஒன்பது கட்டையும் முடிந்தது. ஒரு முனையில் மட்டும் சின்ன வெடிப்பு. ஓர் அங்குலப் பலகைகளாக, நடுவில் குச்சி வைத்து, குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேரில் வருகிறபடி நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றியிருக்கிறேன். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. வேலை முடிந்ததும் பிளேடைத் தளர்த்திவிட்டேன்.

ஒரு பலகையை மட்டும் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதினேன்: 1.92 கிலோ.

ஏப்ரல் 9

1.78.